கத்திரி வெயில்ல வீட்டோட இருக்கற சந்தோஷம்: செடி, செல்லப்பிராணி, கூழ் வத்தல், ஓலை பொம்மைன்னு காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

மே 4 சுமாருக்கு கத்திரி ஆரம்பிச்சு 28 வாக்குல முடியும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கற வெயிலையும் சேத்தா ஏப்ரல் நடுவுல இருந்து ஜூன் பாதி வரைக்கும் நம்ம ஊர்ல வெளில தலை காட்ட முடியாத காலம்தான். ஆனா மல்லிகை அள்ளிக் கொடுக்கறது இப்பதான், நுங்கு வர்றது இப்பதான், வருஷம் முழுக்க வறுத்துத் திங்க வத்தல் காயற வெயில் கிடைக்கறதும் இப்பதான். புள்ளைங்களும் வீட்ல இருக்காங்க. என்னைக் கேட்டா நம்ம ஊர்ல வீட்டை ரசிக்கறதுக்குன்னே இருக்கற மாசங்கள் இவைதான், வெயில் எந்நேரம் எங்க இருக்குன்னு பாத்து எந்த வேலையை எப்ப செய்யறதுன்னு பிரிச்சுக்கிட்டா போதும். அதனால இதை செடிக்கு ஒரு பகுதி, நாய்க்கு ஒரு பகுதின்னு எழுதாம ஒரு நாளோட போக்குலயே எழுதறேன், மாடி இருக்கறவங்களுக்கு எல்லாமே ஒத்துவரும், பால்கனி மட்டும் இருக்கறவங்க வத்தலைக் கொஞ்சமா போட்டுக்கலாம்.

முன்னாடியே வாங்கி வைக்க வேண்டியது

பெருசா செலவு இல்லை. அகலமான மண் சட்டி மூணு நாலு, வெண்டை விதையும் தண்டுக்கீரை விதையும், 12ல இருந்து 15 இன்ச் வரைக்கும் தொட்டியோ க்ரோ பேகோ, வேப்பெண்ணெய் ஒரு பாட்டில், 50 சதவீதம் நிழல் தர்ற பச்சை வலை கொஞ்சம், பழைய வேட்டி ரெண்டு, வாழை நார் ஒரு கட்டு (பூக்கடைல கேட்டா தருவாங்க). க்ரோ பேக் வாங்கறப்ப வெளிப்பக்கம் வெள்ளையா இருக்கறதா பாத்து வாங்குங்க, கறுப்புப் பை வெயிலை இழுத்து உள்ள வேரை வேக வச்சிடும். மண்தொட்டி இருந்தா அதைவிட நல்லது.

மண் கலவைக்கு செம்மண் ரெண்டு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை ரெண்டு மூணு தடவை தண்ணில ஊறவச்சுப் பிழிஞ்சுட்டுப் போடணும், அதுல இருக்கற உப்பு செடிக்கு ஆகாது.

வீட்ல நாய் இருந்தா இங்கயே ஒண்ணு சொல்லிடறேன், உரக்கடைல ஆமணக்குப் புண்ணாக்கு கொடுத்தா வாங்காதீங்க. அது வாசத்துக்கு நாய் தோண்டித் தின்னும், ஆமணக்கு விதைல இருக்கற விஷம் உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி அரளிச் செடியும் நாய், பூனை, குழந்தை யார் கைக்கும் வாய்க்கும் எட்டற இடத்துல வேண்டாம். மல்லிகையால அந்தப் பயம் இல்லை.

விடியக்காலை, அஞ்சரை மணி

முதல்ல நாய். 7 மணிக்குள்ள வாக்கிங் முடிஞ்சு வீட்டுக்கு வந்துடணும், சாயங்காலம்னா பொழுது சாஞ்சு ரோடு ஆறின பிறகுதான். சந்தேகமா இருந்தா புறங்கையை ரோட்ல வச்சுப் பாருங்க, 7 செகண்ட் வைக்க முடியலைன்னா அதோட பாதத்துக்கும் முடியாது. நமக்கு மாதிரி உடம்பு முழுக்க அதுக்கு வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு இரைச்சுத்தான் சூட்டை வெளில தள்ளுது, பாதத்துல லேசா வேர்க்கும், அவ்வளவுதான். மூக்கு சப்பையா இருக்கற பக், பாக்ஸர் மாதிரி நாய்ங்களுக்கு அந்த இரைக்கற வழியும் குறுகல், அதனால அதுங்களுக்கு நடையைப் பாதியா குறைச்சுடுங்க. ராஜபாளையம் மாதிரி வெள்ளை நாய்க்கு மூக்கும் காதோரமும் ரோஸ் கலர்ல இருக்கும், அந்த இடம் வெயில் பட்டா பொசுங்கும். பொமரேனியனுக்கு முடியை ஒட்ட வெட்டி விட்டா குளுகுளுன்னு இருக்கும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, வேண்டாம், அந்த ரெண்டு அடுக்கு முடிதான் வெயிலைத் தடுக்குது, தினம் சீவி உதிர்ந்த முடியை எடுத்தா போதும். சீவறப்பவே காதுக்குள்ள, விரல் இடுக்குல, கழுத்துப்பட்டைக்குக் கீழ உண்ணி இருக்கான்னு பாத்துடுங்க, கோடைல அது ரொம்பப் பெருகும்.

நாய் தண்ணி குடிச்சுப் படுத்த பிறகு மாடிக்கு ஏறலாம். தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி மல்லி மொட்டு பறிக்கணும், இதை மாத்தாதீங்க. நல்லா உருண்டு வெள்ளையா திரண்டிருக்கற மொட்டு அன்னிக்கு சாயங்காலமே விரியப் போறது, அதை மட்டும் கிள்ளணும், லேசா பச்சை ஓடற மொட்டை நாளைக்கு விட்டுடணும். பறிச்சதை ஈரத்துணில சுத்தி வீட்டுக்குள்ள வச்சுடுங்க, அதுக்கு வேலை மதியத்துக்கு மேல.

மல்லியைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், எனக்கு அது மேல தனிப் பிரியம். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது, ஆனா அந்தத் தோட்டங்களுக்கு நாத்து பெரும்பாலும் போறது ராமநாதபுரம் பக்கம் தங்கச்சிமடத்துல இருந்து, அங்க மணல்ல குச்சியை நட்டு வேர் பிடிக்க வச்சு வித்துடறாங்க. நர்சரில வாங்கறப்ப உயரத்தைப் பாக்காம அடில இருந்து ரெண்டு மூணு கிளை பிரிஞ்சிருக்கானு பாத்து எடுங்க. குறைஞ்சது 6 மணி நேரம் நேர் வெயில் வேணும், நிழல்ல வச்சா இலைதான் மிஞ்சும். புதுத் தளிர்லதான் மொட்டு வரும், அதனால ஒரு சுத்து பூத்து ஓஞ்ச உடனே ஒவ்வொரு நுனியையும் ரெண்டு கணு அளவு வெட்டி விடுங்க, அடுத்த தளிர் மொட்டோட வரும். ஒரேயடியா குட்டையா வெட்டற வேலை கார்த்திகை, மார்கழில செய்யறது, இந்த வெயில்ல அதைச் செய்யக் கூடாது. கடலைப் புண்ணாக்கை ரெண்டு மூணு நாள் தண்ணில ஊறவச்சு பத்து மடங்கு தண்ணி கலந்து 15 நாளைக்கு ஒரு தடவை ஊத்தினா போதும். மொட்டு ஊதா கலராகி உதிர்ந்தா உள்ள மொட்டுப்புழு இருக்குன்னு அர்த்தம், அந்த மொட்டையெல்லாம் பொறுக்கி எடுத்து அழிச்சுடுங்க, செடிக்கு அடில போட்டு வைக்காதீங்க.

இப்ப தண்ணி. மேல மட்டும் நனையற மாதிரி தெளிக்கறது செடியை ஏமாத்தற வேலை, தொட்டிக்கு அடில இருக்கற ஓட்டை வழியா தண்ணி வர்ற வரைக்கும் நிதானமா ஊத்தணும், 8 மணிக்குள்ள முடிச்சுடணும். ஊத்தின கையோட மண்ணை மூடி விடுங்க, காஞ்ச இலை, தேங்காய் நார், கரும்புச் சக்கை எது கிடைக்குதோ அது ரெண்டு இன்ச் கனத்துக்கு. இந்த மூடாக்கு ஒண்ணு இருந்தா சாயங்காலம் மண்ணைத் தொட்டுப் பாத்தா இன்னும் குளுமையா இருக்கும். தொட்டியை நேரா தளத்துல வைக்காம ரெண்டு செங்கல் மேல வைங்க, தளத்தோட சூடு அடில இருந்து ஏறாது.

புதுசா விதைக்கறவங்க வெண்டையும் கீரையும் போடுங்க, ரெண்டும் இந்த சூட்டை விரும்பற பயிர். தக்காளிக்கு இப்ப ஆசைப்படாதீங்க, பூ பூவா உதிரும். வெண்டை விதையை ராத்திரி முழுக்க ஊறவச்சு, ஒரு தொட்டிக்கு மூணு விதை, அரை இன்ச் ஆழம், முளைச்ச பிறகு தெம்பா இருக்கற ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடணும். 45ல இருந்து 50 நாள்ல முதல் காய் கைக்கு வரும். அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பறிச்சே ஆகணும், விட்டா முத்திப்போய் செடியும் காய்க்கறதை நிறுத்திடும். தண்டுக்கீரை விதை பொடிப்பொடியா இருக்கும், மணலோட கலந்து தூவி மேல லேசா மண்ணு போட்டு, ஒரு ஈரச் சாக்கை விரிச்சு வைங்க, முளை தெரிஞ்ச அன்னிக்கே சாக்கை எடுத்துடணும். 25 நாள் வாக்குல பொரியலுக்கு ஆயிடும். நிழல் வலையை நாத்துக்கும் கீரைக்கும் மட்டும் கட்டுங்க, மல்லிக்கும் வெண்டைக்கும் வேண்டாம்.

பூச்சின்னு பாத்தா செம்பருத்தில மாவுப்பூச்சி, வெண்டை இலைக்கு அடில செஞ்சிலந்தி, இந்த ரெண்டும்தான் கோடைல தொந்தரவு. முதல் நாள் பைப்ல வேகமா தண்ணி அடிச்சு விடுங்க, பாதி போயிடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் காதி சோப், இலைக்கு அடிப்பக்கமா தெளிக்கணும், அதுவும் சாயங்காலம்தான், காலைல தெளிச்சா வெயில் பட்டு இலை கருகும்.

ஏழு மணிக்கு மேல: கூழ் வத்தல்

ராத்திரியே கால் டம்ளர் ஜவ்வரிசி ஊறவச்சிருக்கணும். காலைல அடிகனமான பாத்திரத்துல 6 டம்ளர் தண்ணி கொதிக்க விட்டு ஜவ்வரிசியைப் போட்டு கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் வேகவிடுங்க. ஒரு டம்ளர் பச்சரிசி மாவை ஒண்ணரை டம்ளர் பச்சைத் தண்ணில கட்டி இல்லாம கரைச்சு, அடுப்பைக் குறைச்சு, ஒரு கைல ஊத்திக்கிட்டே இன்னொரு கைல கிண்டணும். பளபளன்னு வந்து, தண்ணி தொட்ட விரலால தொட்டா ஒட்டாம இருந்தா வெந்துடுச்சு. பச்சை மிளகாயும் உப்பும் சேத்து அரைச்ச விழுது, சீரகம், பெருங்காயம் போட்டு இறக்கி, கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்க. உப்பை மட்டும் கூழை ருசி பாத்து போடாதீங்க, குறைச்சலா இருக்கற மாதிரிதான் இருக்கணும், தண்ணி வத்தினா உப்பு ஏறிடும்.

வேட்டியை நனைச்சுப் பிழிஞ்சு மாடில விரிச்சு நாலு ஓரத்துலயும் கல்லு வச்சு, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனா ஊத்தி லேசா தேய்ச்சு விடுங்க. புள்ளைங்களை இதுல கண்டிப்பா சேத்துக்கணும், வட்டம் வட்டமா வரலைன்னாலும் பரவாயில்லை, எண்ணெய்ல போட்டா எல்லாம் பொரியும். கூழ் மிச்சமிருந்தா கிண்ணத்துல போட்டு நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கொடுங்க, வத்தலை விட அதுக்குத்தான் வீட்ல சண்டை வரும். காக்கா வராம இருக்க பக்கத்துல கறுப்புக் குடையை விரிச்சு வைக்கற பழக்கம் இன்னிக்கும் நல்லாதான் வேலை செய்யுது.

சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கம் தண்ணி தெளிச்சு ஒரு நிமிஷம் விட்டா வத்தல் தன்னால உரிஞ்சு வரும். அதைத் தட்டுல பரப்பி இன்னும் ரெண்டு மூணு நாள் காயவைக்கணும். ஒடிச்சா பட்டுன்னு ஒடியணும், வளைஞ்சா உள்ள ஈரம் இருக்கு, டப்பால போட்டா பூசணம் பிடிக்கும்.

அதே வெயில்ல மோர் மிளகாயும் போட்டுடலாம், மிளகாயைக் கீறி உப்பு போட்ட கெட்டி மோர்ல ராத்திரி ஊறவச்சு, காலைல எடுத்துக் காயவச்சு, சாயங்காலம் திரும்ப அதே மோர்ல போட்டு, மோர் வத்தற வரைக்கும் இப்படியே.

மாடியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி பறவைக்குத் தண்ணி. சட்டி அகலமா, ரெண்டு இன்ச் ஆழத்துக்கு மேல இல்லாம இருக்கணும், நடுவுல ஒரு கல்லு போட்டா குருவியும் தேனீயும் அது மேல உக்காந்து குடிக்கும். நிழல்ல வைங்க. தினமும் தண்ணி மாத்தினா மட்டும் போதாது, தேங்காய் நாரால ஓரத்தைத் தேய்ச்சுக் கழுவணும், டெங்கு கொசு முட்டையை பாத்திரத்தோட ஓரத்துலதான் ஒட்டி வைக்குது. தெரு நாய்க்கு கேட்டுக்கு வெளில ஒரு சிமெண்ட் தொட்டி வச்சா அதுக்கும் இதே கணக்குதான்.

பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் நிழல் வேலை

இந்த நேரத்துல யாரும் மாடிக்குப் போக வேண்டாம், நாயையும் மாடில கட்டாதீங்க, ஒரு நிமிஷம் கூட காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. நாய்க்கு நல்ல உடம்புச் சூடே 38.3ல இருந்து 39.2 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும், 40க்கு மேல போனா ஆபத்து. விடாம இரைக்குது, எச்சில் கொழகொழன்னு வடியுது, ஈறு ரத்தச் சிவப்பா இருக்கு, நடை தள்ளாடுது, வாந்தி எடுக்குதுன்னா யோசிக்காம நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் குழாய்த் தண்ணியை வயிறு, தொடை இடுக்கு, பாதம்னு ஊத்தி ஃபேன் போடுங்க. ஐஸ் தண்ணில முக்காதீங்க. அதுவா குடிச்சா கொஞ்சம் தண்ணி கொடுங்க, வாயைத் திறந்து ஊத்தாதீங்க. குளிர வச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட கொண்டு போகணும், எழுந்து நின்னுடுச்சேன்னு விட்டுடக் கூடாது, உள்ளுறுப்புல பாதிப்பு பிறகுதான் தெரியும்.

சாதாரண நாள்ல உப்பு போடாத நீர் மோர் கொஞ்சம், விதையும் தோலும் எடுத்த தர்பூசணி ரெண்டு துண்டு கொடுக்கலாம். திராட்சை, வெங்காயம் வேண்டவே வேண்டாம். மாம்பழக் கொட்டையை நக்கட்டும்னு போடாதீங்க, முழுங்கிட்டா குடல்ல அடைச்சுக்கும். பூனை தண்ணி குறைச்சலாதான் குடிக்கும், அதனால வீட்ல ரெண்டு மூணு இடத்துல, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, கிண்ணம் வைங்க. மீன் தொட்டில தண்ணி சூடாச்சுன்னா காத்து குறையும், மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்கும், ஏர் பம்ப்பை நிறுத்தாதீங்க, வாரத்துக்கு கால் பங்கு தண்ணி மாத்துங்க, மாத்தற தண்ணியை முந்தின நாளே பிடிச்சு வச்சுடுங்க.

புள்ளைங்களுக்கு இப்ப கைவேலை. எதுவும் கடைல வாங்க வேண்டாம், நுங்கு வாங்கிட்டு வாங்க. நுங்கு எடுத்து முடிச்ச கூடு ஒரே அளவுல ரெண்டு எடுத்துக்கோங்க, அதான் சக்கரம். பென்சில் கனத்துல ஒரு அடி நீளக் குச்சியை ரெண்டு முனையும் சீவி (இது பெரியவங்க வேலை) ரெண்டு கூட்டோட நடுவுலயும் குத்தி இறக்கணும், அன்னிக்கு வெட்டின கூடுன்னா சுலபமா இறங்கும், ஒரு நாள் போனா நார் இறுகிடும். புள்ளையோட நெஞ்சு உயரத்துக்கு ஒரு நீளக் கம்பு, அடில கவட்டையா பிரிஞ்சிருக்கணும், அந்தக் கவட்டையை நடுக்குச்சி மேல வச்சுத் தள்ளினா நுங்கு வண்டி ஓடும். பனைதான் நம்ம மாநில மரம்னு பாடத்துல படிக்கற புள்ளைக்கு அதை உருட்டிப் பாக்கவும் ஒரு வழி இருக்கட்டுமே.

தென்னங்கீத்து கிடைச்சா பீப்பி. ஒரு ஓலைல இருந்து ஈர்க்கை நீக்கிட்டு (ஈர்க்கைத் தூக்கிப் போடாதீங்க, ஊசியா அதான் உதவும்), ஒரு முனைல விரல் மொத்தத்துக்கு இறுக்கமா சுருட்ட ஆரம்பிச்சு, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதி ஏறற மாதிரி சாய்வா சுத்திக்கிட்டே போனா வாய் விரிஞ்ச குழல் மாதிரி வரும். கடைசி முனைல ஈர்க்குத் துண்டைக் குத்தி நிறுத்துங்க. சின்ன ஓட்டைல ரெண்டா மடிச்ச குட்டி ஓலைத் துண்டைச் சொருகி லேசா நசுக்கி ஊதணும், சத்தம் வரலைன்னா துண்டைக் கொஞ்சம் வெளில இழுங்க. ஓலைப் பாம்புக்கு ஒரே அகலத்துல ரெண்டு ஓலை, முனையை எல் மாதிரி வச்சு, கீழ இருக்கறதை மேல மடிச்சு, திரும்ப கீழ வந்ததை மேல மடிச்சு, ஓலை தீர்ற வரைக்கும் இதேதான், கடைசில ஈர்க்கால குத்தி நுனியைப் பிளந்து நாக்கு மாதிரி விட்டா இழுத்தா நீளும், விட்டா சுருங்கும்.

பெரிய புள்ளைங்களுக்கு வயர் கூடை பிடிக்கும், ஆனா அந்த முடிச்சை எழுத்துல சொல்லிப் புரிய வைக்கறதை விட தெருவுல கூடை பின்னற அக்காவோ அத்தையோ யாராவது இருப்பாங்க, அவங்க பக்கத்துல ஒரு மதியம் உக்கார வைங்க. சாதா முடிச்சு கை வந்த பிறகு சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சுன்னு போகலாம்.

நாலு மணிக்கு காலைல பறிச்ச மல்லியை எடுங்க. வாழை நாரை தண்ணில நனைச்சு மெல்லிசா கிழிச்சுக்கோங்க. நார் முனையை இடது கைல பிடிச்சு, ரெண்டு மொட்டு அந்தப் பக்கம், ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், காம்பு நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு இருக்கற மாதிரி வைக்கணும். நாரைக் காம்பு மேல ஒரு சுத்து சுத்தி, அப்புறம் வலது கை விரல்ல ஒரு வளையம் திருப்பிப் போட்டு அதைக் காம்புக்குள்ள மாட்டி இழுங்க. ரொம்ப இறுக்கினா காம்பு அறுந்துடும், விட்டா பூ சுழலும். ஒரு முழம் கட்டறதுக்குள்ள கை பழகிடும், ஆம்பளைப் புள்ளைங்களையும் உக்கார வச்சுக் கத்துக் கொடுங்க.

சாயங்காலமும் கோடை மழையும்

அஞ்சரைக்கு மேல வத்தலை எடுத்து, மண்ணுல விரலை விட்டுப் பாத்து ரெண்டு இன்ச் கீழயும் காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்துங்க. உள் மாவட்டத்துல இருக்கறவங்க மதியமே மேக்கால பாத்து வைங்க, மேகம் கறுத்து காத்து திசை மாறினா வத்தலை முதல்ல உள்ள எடுத்துடணும், ஒரு தடவை நனைஞ்சா அந்தத் தட்டு முழுக்க வீண். கோடை மழை பெஞ்ச மறுநாள் தண்ணி ஊத்த வேண்டாம், ஆனா தொட்டிக்கு அடில வச்ச தட்டு, பழைய டப்பா, மல்லாந்து கிடக்கற மூடி எல்லாத்துலயும் தேங்கினதைக் கொட்டிடுங்க.

வெண்டைச் செடில நல்லா காய்ச்ச ஒண்ணுல ரெண்டு காயைப் பறிக்காம அடையாளத்துக்கு நூல் கட்டி விட்டுடுங்க. அது செடிலயே முத்தி, பழுப்பாகி, வெடிக்கப் போற பதத்துல எடுத்து, நிழல்ல ஒரு வாரம் காயவச்சு, விதையை உதிர்த்து கொஞ்சம் சாம்பலோட பாட்டில்ல போட்டு வச்சா ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்க வேண்டியதில்லை.